செம்பு ஜாடியில் குறைந்தவை

ஓசூர்
20-11-2024

அன்பு மகள் தஸ்லிம் கண்ணுக்குச் சின்னம்மா சபீஹா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அந்த ஊர்க் குளிரிலிருந்தும் தனிமையிலிருந்தும் அல்லாஹ் உன்னைக் காக்கட்டும். வேளைக்குச் சாப்பிடுகிறாயா? எனக்குச் சர்க்கரை ஏறவில்லை. தூக்கம்தான் வருவதில்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நீ போனில் வந்தாலே உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். பக்கத்து வீட்டார் சுற்றி உட்கார்ந்துகொள்கிறார்கள். நீ அழ, நான் அழ, அவர்கள் அழ, பேச வேண்டியது அப்படியே நின்றுவிடுகிறது. உன் அம்மாவைக் குறை சொல்லவில்லை. ராயக்கோட்டையில் வீட்டைப் போட்டுவிட்டு எனக்குத் துணைக்கு வந்திருக்கிறாள். புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தா முடிய நாலு மாதம் பத்து நாள். அதுவரை எனக்கு இந்த உள் அறைதான். ஐந்தாம் வகுப்புக் கையெழுத்து, பொறுத்துப் படி.

உன் சின்னத்தா எப்படிப் போனார் என்று நீ கேட்கவில்லை. கேட்கப் பயந்தாய் என்று தெரியும். அக்டோபர் ஏழு, திங்கட்கிழமை, பட்டறையில் காலை டீ வந்த நேரம். லேத்தை நிறுத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். “சபீ, கொஞ்சம் தண்ணி குடு” என்றார். நான் பேக்கிங் மேஜையிலிருந்து எழுந்துபோய்ப் பிடித்துக்கொண்டு வந்தேன். அதற்குள் தலை சாய்ந்துவிட்டது. டம்ளர் என் கையிலேயே இருந்தது. அவ்வளவுதான்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்குப் பட்டறை ஓனர் பிரேம்குமார் சார் வந்தார். நீ படிக்கும் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து ஆர்டர் வாங்கிக் கொடுத்தாயே, உன் சின்னத்தா செய்த அந்தச் செம்பு ஜாடி. அதைப் பாராட்டி உங்கள் ஜெர்மனிக்காரர்கள் எழுதிய கடிதத்தை ஆண்கள் கூடத்தில் எழுந்து நின்று வாசித்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். “இவ்வளவு சுத்தமான கைவேலையை நாங்கள் பார்த்ததில்லை” என்று தமிழில் சொன்னார். பள்ளிவாசல் ஹஜ்ரத் மாஷா அல்லாஹ் என்றார். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பட்டறைச் சுவரில் மாட்டியிருக்கிறார்களாம். எனக்கு இப்போது இருக்கும் ஆறுதல் அது ஒன்றுதான்.

அந்த ஜாடியில் என்ன வைத்திருக்கிறீர்கள்? உன் சின்னத்தாவிடம் ஒருமுறை கேட்டதற்கு “காத்தை விடச் சின்ன சாமான்” என்றார். அவருக்கும் தெரியாது போல.

துஆவுடன்,
சின்னம்மா

ஜெர்மனி
9-12-2024

அன்புள்ள சின்னம்மாவுக்கு, வ அலைக்கும் ஸலாம். நான் நன்றாக இருக்கிறேன். இருமல் இருந்தது, போய்விட்டது. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று மாற்றிவிடாதீர்கள். சின்னத்தாதான் எடுத்துக் கொடுப்பார் என்று எனக்குத் தெரியும்.

உங்கள் கடிதத்தை வேலை இடத்தில் வைத்துப் படித்தேன். அழுது முடித்து முகம் கழுவிவிட்டு நேராகப் போய் அந்த ஜாடியைப் பார்த்தேன். அதற்குள் இருப்பது நியூட்ரான். எல்லாப் பொருளுக்கும் உள்ளே, நடுக்கருவில் இருக்கும் துகள். பெரும்பாலான பொருள்களில், உள்ளே இருக்கும்வரை அதற்குச் சாவில்லை. வெளியே தனியாக எடுத்துவிட்டால் சராசரியாகக் கால் மணி நேரம், பிறகு உடைந்துவிடும். நாங்கள் அதை மிகவும் மெதுவாக்கி, ஒரு ஆள் ஓடுகிற வேகத்துக்குக் கொண்டுவந்து, ஜாடிக்குள் விட்டு மூடுகிறோம். சில நிமிடம் கழித்துத் திறந்து எத்தனை மிச்சம் என்று எண்ணுகிறோம். இத்தனை இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு.

சின்னத்தாவின் ஜாடியில் அந்தக் கணக்கைவிடக் குறைகிறது. ஆயிரத்துக்கு மூன்று. ஒவ்வொரு முறையும் அதே மூன்று. ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தோம், இல்லை. செம்புச் சுவர் விழுங்குகிறதா என்று பார்த்தோம், அதற்கும் கணக்கு இருக்கிறது. அதையும் கழித்துவிட்டோம். ஒன்பது வருடமாக இதையே தேடுகிற எங்கள் பேராசிரியர் இப்போது நடக்கும்போது விசிலடிக்கிறார்.

அன்புடன்,
தஸ்லிம்

ஓசூர்
27-12-2024

தஸ்லிம் கண்ணு, அல்லாஹ்வின் சாந்தி உன்மேல் இருக்கட்டும். மாத்திரை சாப்பாட்டுக்கு முன்பு. உன் அம்மா அட்டையில் பேனாவால் எழுதி ஒட்டிவிட்டாள். அவளுக்கு முட்டிவலி, கல்லாவி வைத்தியர் எண்ணெய் தடவுகிறாள், அறை முழுக்க அந்த வாசம்தான்.

கால் மணி நேரம் என்று எழுதியிருந்தாய். நான் தண்ணீர் பிடித்து வந்ததும் அவ்வளவு நேரம்கூட இல்லை.

அந்த மூன்று எங்கே போகிறது? எண்ணும்போது விட்டுப்போயிருக்காதா? நான் பேக்கிங்கில் போல்ட் எண்ணும்போது ஒன்றிரண்டு விடுவேன், வெங்கடம்மாள் மறுபடி எண்ணுவாள். “நீ எண்ணினது நான் எண்ணலைன்னா லாரி வெறும் டப்பாதான் தூக்கிட்டுப் போவும்” என்பாள். எண்ணினது சரி என்றால், போனவை எங்கேயாவது இருக்கத்தானே வேண்டும்? உனக்கு நேரம் இருந்தால் எழுது. எனக்கு இங்கே நேரம் நிறைய இருக்கிறது.

சின்னம்மா

ஜெர்மனி
14-1-2025

அன்புள்ள சின்னம்மா, ஸலாம். உங்கள் தூக்கம் எப்படி? இங்கே பனி கொட்டுகிறது, அம்மா அனுப்பிய ஸ்வெட்டர் போதவில்லை என்று அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

எங்கே போகிறது என்று நீங்கள் கேட்டதுதான் இங்கேயும் கேள்வி. எண்ணுவதற்கு இங்கே மூன்று வெங்கடம்மாக்கள் இருக்கிறார்கள், அது சரியாக இருக்கிறது. சில விஞ்ஞானிகள் என்ன நினைக்கிறார்கள் என்றால், நாம் பார்க்கும் உலகத்தோடு சேர்ந்தே இன்னொன்று இருக்கலாம். கண்ணுக்கோ கைக்கோ கருவிக்கோ தட்டுப்படாது. நியூட்ரான் மட்டும் எப்போதாவது அந்தப் பக்கம் நழுவிவிடலாம். திரும்பி வரவும் கணக்கில் இடம் இருக்கிறது. இது உண்மையென்று ஆனால் பாடப் புத்தகத்தையே மாற்ற வேண்டும். ஆனால் சின்னம்மா, இதை நீங்கள் மறுமை என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. சின்னத்தா போன இடம் அது இல்லை.

வெளியே சொல்வதற்கு முன் எல்லாச் சந்தேகத்தையும் தீர்க்கச் சொல்கிறார் பேராசிரியர். ஜாடியை மூடிப் பொருத்தியது ஓசூரில். பட்டறைக்குக் கேள்வி அனுப்பினோம், “எல்லாம் டிராயிங்படி” என்று பிரேம்குமார் சார் ஒரு வரி பதில் போட்டார். அவர் கையால் செய்யவில்லையே. செய்தவர் இல்லை. பக்கத்தில் இருந்து துடைத்தது நீங்கள். அதனால் உங்களைக் கேட்கிறேன். பொருத்தும்போது எண்ணெய், கிரீஸ், மெழுகு, சோப்பு, பவுடர் ஏதாவது பட்டதா? முக்கியமாக போரான் கலந்த எதுவும்? அது நியூட்ரானை விழுங்கிவிடும், ஒரு சிட்டிகை போதும். முடிந்தால் பட்டறைக்குப் போய் அவர் பெட்டியையும் ஒருமுறை பாருங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
தஸ்லிம்

ஓசூர்
31-1-2025

தஸ்லிமுக்கு, ஸலாம். உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் நலமாக இரு.

நீ கேட்டதற்குப் பதில். எண்ணெய் படவில்லை. கிரீஸ் படவில்லை. மெழுகும் சோப்பும் இல்லை. ஒன்றும் படவில்லை. உன் சின்னத்தா கை சுத்தம். உங்கள் கடிதத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது, சுவரில் மாட்டியிருக்கிறது.

பெட்டியைப் பார்க்க என்னால் போக முடியாது. இத்தாவில் இருக்கும் பெண்ணை வாசல் தாண்டச் சொல்கிறாய். அவசரத்துக்குப் பகலில் போகலாம் என்று உன் அம்மா சொல்கிறாள். இது என்ன அவசரம்?

மறுமை வேறு, உங்கள் உலகம் வேறு என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில்தான் ஐந்தாவது. மதரஸாவில் முழுசாக ஓதினவள் நான்.

சின்னம்மா

ஜெர்மனி
15-2-2025

அன்புச் சின்னம்மா! ஸலாம், ஆயிரம் ஸலாம். பன்னிரண்டாம் தேதியோடு இத்தா முடிந்தது என்று அம்மா சொன்னாள். வெயிலில் கொஞ்சம் நில்லுங்கள், கால் வலித்தால் பஸ்ஸில் ஏறாதீர்கள்.

உங்கள் கடிதம் கிடைத்தது. மறுமை பற்றி நான் எழுதியது வருத்தியிருந்தால் மன்னியுங்கள். பட்டறையில் எதுவும் படவில்லை என்று நீங்கள் எழுதியதை அப்படியே பேராசிரியருக்குச் சொன்னேன். அவர் மகிழ்ச்சியில் மேஜையைத் தட்டினார். ஏப்ரல் 24 அன்று இங்கே பெரிய கூட்டம், பல நாட்டு ஆட்கள் வருகிறார்கள். மேடையில் இதைச் சொல்லப்போவது யார் தெரியுமா? நான். உங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் புத்தகப் பெட்டி வைத்துப் பன்னிரண்டாவது படித்தவள். ஜாடியின் படத்தைத்தான் முதலில் காட்டுவேன்.

தஸ்லிம்

ஓசூர்
28-2-2025

தஸ்லிம் கண்ணு, ஸலாம். பிறை தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை முதல் நோன்பு. நீ அங்கே நோன்பு வைத்தால் இரண்டு பேரீச்சம்பழமாவது கூடத் தின்னு, வேலை இடத்தில் மயங்கி விழாதே.

நான் மறுபடி வேலைக்குப் போகிறேன். அவர் லேத்தில் இப்போது பட்டறைப் பையன் தினேஷ்குமார் நிற்கிறான். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு நின்றான். “ஓட்டுப்பா, நின்னா ஓனர் கத்துவாரு” என்றேன். பெட்டியைத் திறந்தேன். மைக்ரோமீட்டர், ஒரு ஜோடி சாக்ஸ், தொழுகைத் தொப்பி. வேறு ஒன்றுமில்லை.

இரண்டு கேள்வி. போரிக் என்பதும் நீ எழுதிய போரான் என்பதும் ஒன்றா? தினேஷ் கேட்கச் சொன்னான். இன்னொன்று, நீ மேடையில் சொல்வது ஒருவேளை தப்பு என்று பின்னால் தெரிந்தால் உனக்கு என்ன ஆகும்?

சின்னம்மா

ஜெர்மனி
12-3-2025

அன்புள்ள சின்னம்மா, ஸலாம். நோன்பு நன்றாகப் போகிறது. உங்களுக்கு நோன்பில் சர்க்கரை இறங்கிவிடும், கவனம்.

ஆமாம், போரிக்கில் இருப்பது போரான்தான்.

கூட்டத்துக்கு என்ன உடுத்துவது என்று அம்மாவிடம் கேட்டேன், அந்தப் பச்சை சல்வார் என்கிறாள். உங்களுக்கு எது பிடிக்கும்?

தப்பானால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். சொல்வதற்கு முன் நாங்களே கண்டுபிடித்தால் உழைப்பு போகும், ஒரு வருடம் போகும். சொன்ன பிறகு மற்றவர்கள் கண்டுபிடித்தால் அதன்பின் நான் எதைச் சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள். அது ஏன் இப்போது? எல்லாம் பார்த்தாகிவிட்டது.

தஸ்லிம்

ஓசூர்
26-3-2025
ஸ்பீட் போஸ்ட்

தஸ்லிம், உன்மேல் அல்லாஹ்வின் சாந்தி. இன்று இருபத்தைந்தாம் நோன்பு. எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. மற்றது நன்றாக இல்லை.

ஜனவரியில் உனக்குப் பொய் எழுதினேன். தெரியாமல் எழுதவில்லை. நீ போட்ட பட்டியலில் பவுடர் என்று இருந்தது. எண்ணெய் இல்லை, கிரீஸ் இல்லை என்று எழுதிக்கொண்டே வந்து அந்த ஒரு வார்த்தையை மட்டும் தாண்டிப் போனேன். இத்தாவைச் சொல்லி ஒளிந்துகொண்டேன். இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

போன வருடம் ஜூன். ஜாடியைக் கழுவிக் காயவைத்தாகிவிட்டது. மூடிக்குள் ஒரு வெள்ளை ரிங் உட்கார வேண்டும், டெஃப்லான். அது உட்காரவில்லை. உன் சின்னத்தா மூன்று நாளாக அழுத்துகிறார், ஒரு பக்கம் உட்கார்ந்தால் மறுபக்கம் எழும்புகிறது. எண்ணெயோ கிரீஸோ கூடாது என்று டிராயிங்கில் சிவப்பில் எழுதியிருந்தது. பெங்களூர் ஏர்போர்ட்டுக்குப் போகிற வண்டி வாசலில் நிற்கிறது. பிரேம்குமார் சார் போனும் கையுமாக நடக்கிறார். சாப்பாட்டு நேரம், பசங்கள் டிரம் மேல் போர்டு வைத்துக் கேரம் ஆடுகிறார்கள்.

“அண்ணா, எச்சியத் தொட்டு வைங்கண்ணா, போயிடும்” என்றான் தினேஷ்.

“ஜெர்மன்காரன் ரிங்குக்கு ஓசூர் எச்சியா? போடா” என்றார் இவர். எல்லோரும் சிரித்தார்கள்.

“பாயி, மூணு நாளா அந்த ரிங்கைக் கட்டிப் புடிச்சிக்கினு இருக்கீங்க. சபீஹா பாத்துக்கினே இருக்குது” என்றாள் வெங்கடம்மாள்.

இவர் அதைக் காதில் வாங்கவில்லை. போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தினேஷ் ஸ்ட்ரைக்கரைச் சுண்டினான், அது வழுக்கிக்கொண்டு போய்ச் சிவப்புக் காயைத் தள்ளியது. எழுந்து போனார். கேரம் போர்டில் தூவும் பவுடர் டப்பாவை எடுத்தார். “அத ஏங்கண்ணா எடுக்கறீங்க, ஆட்டம் பாதியில இருக்குது.” “இரு, ஒரு சிட்டிகை. ஸ்ட்ரைக்கர் ஓடுது, ரிங் ஓடாதா?” ரிங்குக்கு அடியில் தூவினார். விரலால் சுற்றிலும் தள்ளினார். டக் என்று உட்கார்ந்தது. பட்டறையே கை தட்டியது. பிரேம்குமார் சார் ஓடிவந்து, “என்னா பண்ணீங்க?” என்றார். “உட்கார்ந்துடுச்சி சார்” என்றார் இவர், அவ்வளவுதான் சொன்னார். வெள்ளை ரிங்குக்கு அடியில் வெள்ளைப் பவுடர், யாருக்குத் தெரியும்?

எனக்குத் தெரியும். பேக்கிங்குக்கு ஒரு சீட்டு உண்டு. கழுவிய பிறகு என்ன பட்டது என்று எழுத ஒரு கட்டம். நான் கேட்டேன், “பவுடர்னு எழுதட்டுமா?” “ஏம்மா, ஊதினாப் போறதுக்கு எதுக்கு எழுத்து?” என்று வெளியே தெரிந்ததை ஊதினார். எனக்கு அன்றைக்கு அவர்மேல் அவ்வளவு பெருமை. கட்டத்தில் ஒன்றும் இல்லை என்று எழுதி நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

போன மாதம் வேலைக்குப் போன அன்று அந்த டப்பாவை எடுத்து தினேஷிடம் கொடுத்து லேபிளை வாசிக்கச் சொன்னேன். “போரிக் பவுடருக்கா” என்றான். அவன் எதையும் கேட்கச் சொல்லவில்லை, கேட்டது நான்தான்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். நாற்பதாம் நாள் அந்தக் கூடத்தில் அவ்வளவு பேர் கேட்டார்கள், சுத்தமான கைவேலை என்று. அதை நானே போய்ப் பொய்யாக்குவதா? பிறகு நீ அந்த இன்னொரு உலகம் பற்றி எழுதினாய். மறுமை வேறு என்று உனக்கு வீறாப்பாக எழுதினேன். ஆனாலும் அவர் செய்த ஜாடியிலிருந்து ஏதோ ஒன்று நாம் பார்க்க முடியாத இடத்துக்குப் போய் வருகிறது என்று நினைத்துக்கொண்டு படுத்தால் எனக்குத் தூக்கம் வந்தது. உண்மை அதுதான். அது போகவும் இல்லை, வரவும் இல்லை. கேரம் பவுடர் விழுங்கிவிட்டது.

நீ மேடை ஏறாதே.

சபீஹா

ஜெர்மனி
18-5-2025

சின்னம்மாவுக்கு, ஸலாம். எப்படி இருக்கிறீர்கள்? ஆறு வாரமாகப் பதில் போடவில்லை. போனிலும் அம்மாவிடம் மட்டும் பேசினேன்.

உங்கள் கடிதம் ஏப்ரல் 5 வந்தது. படித்துவிட்டுப் பையில் வைத்தேன். எட்டு நாள் வைத்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. கூட்டத்துக்கான படங்களைத் தயார் செய்துகொண்டே இருந்தேன். உங்கள்மேல் கோபம். ஜனவரியில் ஒரு வரி எழுதியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காதே என்று. நாம் தனியாகப் பேசியிருக்கலாமே, கதவைச் சாத்திக்கொண்டு போனை எடுத்திருக்கலாமே என்று. அப்புறம் ஒரு நாள் உங்கள் பிப்ரவரிக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். போரிக்கும் போரானும் ஒன்றா என்று கேட்டிருந்தீர்கள். சின்னம்மா, அதைப் படித்த அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்தது. பட்டறையில் கேரம் ஆடுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? பத்தாவது லீவில் அந்தப் போர்டில் நானும் ஆடியிருக்கிறேன். ஏன் கேட்கிறீர்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் சல்வார் பற்றி எழுதினேன். நீங்கள் ஒரு வார்த்தையைத் தாண்டிப் போனீர்கள். நான் ஒரு கேள்வியைத் தாண்டிப் போனேன். உங்களைக் கோபிக்க எனக்கு வாய் இல்லை.

பதின்மூன்றாம் தேதி பேராசிரியரிடம் சொன்னேன். கடிதத்தை வரி வரியாக மொழிபெயர்த்துச் சொன்னேன். கேரம் என்றால் என்ன என்று கேட்டார், மேஜைமேல் விரலால் சுண்டிக் காட்டினேன். கூட்டத்திலிருந்து எங்கள் பெயரை எடுத்துவிட்டார்கள். மூடியைத் திறந்தோம். ரிங்கைக் கழற்றினால் அடியில் வட்டமாக வெள்ளைக் கோடு. சோதித்தோம், போரான். மூடிக்கும் ஜாடிக்கும் நடுவில் இருக்கும் மயிரிழைச் சந்து வழியாக நியூட்ரான் அதுவரை போய் அதில் மாட்டியிருக்கிறது. புது ரிங் போட்டு மூன்று வாரம் எண்ணினோம். குறையவில்லை. அந்த மூன்று இருக்கிறது.

எங்கள் ஜாடியில் இன்னொரு உலகம் இல்லை. எங்கேயும் இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை, வேறு இடங்களில் தேடுகிறார்கள், நாங்களும் தேடுவோம். என் படிப்பு ஒரு வருடம் தள்ளிப்போகிறது. பேராசிரியர் விசிலடிப்பதில்லை. ஆனால் என்னோடு பேசுகிறார். செம்பில் ஒரு குறையும் இல்லை என்று உங்களுக்கு எழுதச் சொன்னார்.

நடந்ததை அறிக்கையாக எழுதி வெளியிட வேண்டும், மற்றவர்கள் இதே தவறைச் செய்யாமல் இருக்க. எழுதிவிட்டேன். “இந்தியாவில் ஒரு பட்டறையில் பொருத்தும்போது” என்று மட்டும் போட்டிருக்கிறேன். சின்னத்தாவின் பெயர் எங்கேயும் வராது. நீங்கள் பயந்தது நடக்காது. நிம்மதியாக இருங்கள்.

தஸ்லிம்

ஓசூர்
5-6-2025

தஸ்லிம் கண்ணுக்கு, அல்லாஹ் உனக்கு நல்ல சுகத்தையும் இழந்த ஒரு வருடத்துக்கு ஈடானதையும் தரட்டும். நாளை மறுநாள் பெருநாள். உன் அம்மா ராயக்கோட்டைக்குப் போய்விட்டாள். நான் தனியாகத்தான் சமைத்துச் சாப்பிடுகிறேன். சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, பயப்படும்படி இல்லை.

எட்டு நாள் வைத்திருந்தேன் என்று எழுதியிருந்தாய். நான் இரண்டு மாதம் வைத்திருந்தேன். அதைப் பற்றி இனி நாம் பேச வேண்டாம்.

பிரேம்குமார் சாரிடம் நானே போய்ச் சொன்னேன். உன் கடிதம் வந்த மறுநாள். அவர் முகம் சுருங்கிவிட்டது. “ஏம்மா, போனவரு பேரை நீங்களே ஏன் கெடுக்கறீங்க? யாரு கேட்டாங்க?” என்றார். கொஞ்ச நேரம் கழித்துச் சுவரில் இருந்த அந்தக் கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி மேஜை டிராயரில் வைத்துவிட்டார். ஆணி மட்டும் இருக்கிறது. தினேஷுக்கு என்மேல் கோபம், இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் டீ கிளாஸை என் மேஜையில் டொக்கென்று வைத்துவிட்டுப் போனான். வெங்கடம்மாள்தான், “பவுடரு போட்டாரு, விஷமா போட்டாரு?” என்று எல்லோரிடமும் சண்டைக்கு நிற்கிறாள். இப்போது பவுடர் டப்பா கேட் பக்கம் செக்யூரிட்டி ரூமில் இருக்கிறது, ஆட வேண்டியவர்கள் அங்கே போய் ஆடுகிறார்கள்.

நீ எழுதிய அறிக்கை விஷயத்துக்கு வருகிறேன். முதலில் படித்தபோது அல்ஹம்துலில்லாஹ் என்றேன். பெயர் வராது, போதும் என்று. பிறகு அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இந்தியாவில் ஒரு பட்டறையில். அந்தப் பட்டறையில் யார்? கை இல்லாமலா ரிங் உட்கார்ந்தது? மூன்று நாள் ஒரு மனுஷன் குனிந்து நின்று அழுத்தினான், முதுகு பிடித்துக்கொண்டு நான் எண்ணெய் தேய்த்துவிட்டேன். செம்பில் குறையில்லை என்கிறார்களே, அந்தச் செம்பைத் தேய்த்ததும் அதே கைதான். சுவரில் மாட்டியிருந்த கடிதத்தை தினேஷிடம் ஒருநாள் எழுத்து எழுத்தாக வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். அதிலும் அவர் பெயர் இல்லை, கம்பெனி பெயர்தான் இருக்கிறது. நல்லதுக்கும் அவர் இல்லை, கெட்டதுக்கும் அவர் இல்லை என்றால் அவர் இருந்ததே யாருக்குத் தெரியும்? யாரோ என்று எழுதினால் அவர் யாரோ ஆகிவிடுவார். எனக்கு அவர் யாரோ இல்லை. உனக்கும் இல்லை.

அவர் திருடவில்லை, ஏமாற்றவில்லை. தெரியாமல் செய்தார். அதைச் சொன்னால் அவருக்கு வெட்கமில்லை. தெரிந்தும் ஒன்றுமில்லை என்று எழுதியது நான், வெட்கம் எனக்கு.

உங்கள் பேராசிரியரிடம் கேட்டு, அறிக்கை அச்சாவதற்கு முன் மாற்று. அவர்கள் வழக்கத்தில் இடமில்லை என்று சொன்னால், உன் படிப்புக்காக நீ எழுதுகிற புத்தகம் உன்னுடையதுதானே, அதில் எழுது. நான் சொல்வதை அப்படியே எழுது, பெயரில் எழுத்து மாறக் கூடாது.

ஜாடியைச் செய்தவர் ஜமீர் அகமது, ஓசூர். பவுடர் போட்டவரும் அவரே. துடைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவள் அவர் மனைவி சபீஹா.

சின்னம்மா